சின்ன நாடுகளின் பதினொரு பேரும் என் சம்மந்தியும்

கல்முனைக்குடி,
வியாழக்கிழமை, அஸருக்குப் பின்.

அன்பின் மச்சான் பஸாலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நீ கட்டாரில் வெயிலுக்கும் முதலாளிக்கும் தப்பி நல்ல சுகத்தோடு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே உன் ராத்தா ஹாஜறா சுகம், எங்கள் மகள், உன் மருமகள் பஸ்மினா சுகம், வாசல் மாமரமும் சுகம். என் சுகத்தை மட்டும் கேட்காதே. திங்கட்கிழமையிலிருந்து சோற்றைப் பிசைகிறேன், வாய்க்குள் போகவில்லை. கதவை யாராவது தட்டினால் முதலில் எழுந்து நிற்பது நானில்லை, என் கைமயிர்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நம் வீட்டில் போன் என்றால் உன் ராத்தாவின் போன்தான். அது பழுதாகி, யார் கதைத்தாலும் ஸ்பீக்கரில்தான் கேட்கிறது. போன கிழமை நீ அங்கே தும்மினாய், இங்கே பக்கத்து வீட்டுக்காரர் யர்ஹமுகல்லாஹ் சொன்னார். அப்படியான போனில் இந்த விசயத்தைக் கதைத்தால் பஸ்மினாவின் காதில் விழும், விழுந்தால் என் நெஞ்சு தாங்காது. அதனால்தான் கடிதம். பாண்டிருப்புக் கோகுலன் லீவு முடிந்து சனிக்கிழமை கட்டாருக்குக் கிறுகிப் போகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். அவனும் என்னோடு கோபம்தான். அதற்கும் காரணம் கீழே வரும்.

நான் பயந்த மனிசன் என்பது உனக்குப் புதிதில்லை. சாகாமத்து வயல் வட்டையில் இத்தனை வருசம் வட்டவிதானையாக இருந்து, குளத்துத் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது விடுவதென்று முறை வைத்தவன் நான். மண்வெட்டியோடு வருகிற ஆட்களைப் பார்த்துப் பார்த்தே என் ஈரக்குலை பாதி கரைந்து போனது. ஒரு வழியாக அந்த வேலையை விட்டுவிட்டு, இனிக் கடற்கரைக் காற்று வாங்கி, ஐந்து நேரமும் தொழுது, மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக மவுத்தாகலாம் என்று இருந்தேன். அப்போதுதான் மாப்பிள்ளையாகப் போகிற றினாஸ் வந்து வாசலில் நின்றான்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு நிக்காஹ் என்று பேசி வைத்திருப்பதும், நம் ஊர் வழக்கப்படி அவன் நம் வீட்டுக்கே வருவதும், அதற்காக நான் மேல்மாடி கட்டி நிலத்துக்கு ஓடு பதித்ததும் உனக்குத் தெரியும். நிக்காஹுக்கு முன் மாப்பிள்ளை தனியாகப் பெண் வீட்டு வாசலில் வந்து நின்றால் எந்த வாப்பாதான் நல்லதாக நினைப்பான்? ஏதோ குறை சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்து, கேட்காமலே குளிரூட்டி போட்டுத் தருவதாக ஒத்துக்கொண்டேன். பிறகு பார்த்தால் அவன் வந்தது அதற்கில்லை. சொன்ன சொல்லை இனித் திருப்பி எடுக்கவும் முடியாது.

அவன் தலைவராக இருக்கிற வெள்ளலை விளையாட்டுக் கழகத்துக்குள் ஒரு பெரிய புடுங்குப்பாடாம். உலகக் கிண்ணம் வருகிறது, பெரிய நாடுகளைப் பற்றி எல்லாரும் கதைக்கிறார்கள், நாங்கள் சின்ன நாடுகளிலிருந்து சிறந்த பதினொரு பேரை எடுத்துக் கடற்கரையில் பெனர் கட்டுவோம் என்று தொடங்கியிருக்கிறார்கள். தொடங்கிய அன்றே இரண்டு கதிரை உடைந்திருக்கிறது. “கிரிக்கட்டப் பத்தி எனக்கு ஒண்டும் தெரியாதே மனே” என்றேன். “அதுதான் மாமா உங்களக் கேக்குறம். தெரிஞ்ச ஆக்களெல்லாம் ஒவ்வொரு கட்சி. தண்ணிக்குப் பங்கு வச்ச ஆள், இதுக்கும் வையுங்க” என்றான். மாப்பிள்ளையாகப் போகிறவன் முதல்முதல் ஒன்று கேட்கிறான், இல்லையென்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. ஓம் என்று சொல்லிவிட்டேன் மச்சான். இந்த ஓம் இருக்கிறதே, என் ஆயுளில் பாதிக் கஷ்டம் இந்த ஒரு சொல்லால் வந்தது.

முதலில் சின்ன நாடு என்றால் என்ன என்பதே எனக்கு விளங்கவில்லை. சின்ன நாடென்று முதலாவதாக மாலைதீவை எழுதினேன், அடுத்ததாக நம் நாட்டையும் எழுதினேன். நாமும் சின்னத் தீவுதானே? றினாஸ் சிரித்துவிட்டு, நிலத்தின் அளவு இல்லை மாமா, கிரிக்கட்டில் சின்ன நாடு என்றான். அப்படியானால் சொல் என்றேன். ஒல்லாந்து என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒல்லாந்தன் நம்மை நூறு வருசத்துக்கு மேல் பிடித்து ஆண்டவன், கோட்டை கட்டினவன், அவன் எப்படிச் சின்ன நாடு? அவர்களுடைய வீரர்களின் பெயரை வாசித்தான். வான், வான் என்று வந்துகொண்டே இருந்தது. டீம் எடுத்து முடியவில்லை, அதற்குள் வானுக்கு வாடகை பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் பேசாமல் இருந்தேன்.

அதற்குப் பிறகு அவன் சொன்ன நாட்டைக் கேட்டுத்தான் எனக்கு வியர்த்தது. அமெரிக்கா. அமெரிக்கா சின்ன நாடாம் மச்சான். கல்முனைக்குடிக் கடற்கரையில், பள்ளிவாசலுக்குப் பக்கத்தில், அமெரிக்கா சின்ன நாடு என்று பெரிய எழுத்தில் பெனர் தொங்குகிறது, கீழே தெரிவு செய்தவர் உதுமாலெவ்வை என்று என் பெயர் கிடக்கிறது என்று யோசித்துப் பார். எவனாவது படமெடுத்துப் போட்டு, அது எங்கெங்கோ சுற்றி, யாராவது ஜீப்பில் வந்து இறங்கி உதுமாலெவ்வை யார் என்று கேட்டால் நான் என்ன சொல்வது, கிரிக்கட்டில் மட்டும் சின்ன நாடு என்றா? அந்த நாட்டு ஆளைச் சேர்க்காமல் விடவும் பயம், சேர்க்கவும் பயம். கடைசியில் பெனர் அடிக்கிறவனிடம் இரகசியமாகச் சொல்லி, அந்த ஒரு நாட்டுக்கு முன்னால் மட்டும் மரியாதைக்கு ஒரு சொல் சேர்க்க வைத்தேன். இப்போது அது ‘கௌரவ அமெரிக்கா’ என்று தொங்குகிறது.

இதற்கிடையில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் றினாசின் வாப்பா, என் சம்மந்தியாகப் போகிற முகைதீன்பாவா. அவர் மஸ்கட்டில் அரைவாசி ஆயுளைக் கழித்தவர் என்பதும், ஒமான் கொடி போட்ட தொப்பியோடுதான் இன்றைக்கும் சந்தைக்குப் போகிறவர் என்பதும் ஊருக்கே தெரியும். மஸ்கட் அல்வா ஒரு டின் கொண்டுவந்து வைத்தார். ஒமான் டீமில் ஆரம்பத் துடுப்பாட்டம் ஆடுகிற ஒருவனைப் பற்றி, சொந்த மருமகனைப் பற்றிச் சொல்கிற மாதிரி கொஞ்ச நேரம் சொன்னார். எழும்பும்போது, “நான் ஒண்டும் சொல்ல வரல்ல சம்மந்தி. மஸ்கட் எனக்குச் சோறு போட்ட ஊர். அவ்வளவுதான்” என்றார். அந்த ‘அவ்வளவுதான்’ என்ற சொல்லுக்கு நான் அன்றிரவு முழுக்க அர்த்தம் பார்த்தேன்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சாகாமத்தில் குளத்து மதகடியிலேயே, தண்ணீர் முதலில் வருகிற இடத்தில் இருக்கிற மூன்று ஏக்கர் அவருடையது. தண்ணீர் குறைந்த சிறுபோகங்களில் நான் அவருக்குத்தான் கடைசியாகத் தண்ணீர் விட்டேன். வாய்க்கால் தன் வயலைத் தொட்டுக்கொண்டு ஓடுவதை அவர் வரம்பில் குந்தியிருந்து பார்ப்பார், ஒரு வார்த்தை கதைக்கமாட்டார். ஏசுகிற ஆளை எனக்குச் சமாளிக்கத் தெரியும். ஏசாத ஆளுக்கு நான் அப்போதிருந்தே பயம்.

அடுத்து வந்தவன் கோகுலன், கையில் ஒரு பாரை மீன். அவன் நம் கழகத்தின் விக்கட் காப்பாளர். அவனுக்கு நேபாளம் வேண்டும். “கட்டார்ல நான் காய்ச்சல்ல கிடக்கக்குள்ள கஞ்சி வச்சித் தந்தவன் நேபாளத்துப் பொடியன், காக்கா. அவங்கட விக்கட் காப்பாளர உட்டுராதீங்க” என்றான். கேட்க எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஓம் என்று சொல்லிவிட்டேன், மீனையும் பொரித்துச் சாப்பிட்டுவிட்டோம். றினாசோ ஆப்கானிஸ்தான் கட்சி. அங்கே சுழற்பந்து போடுகிற ஒருவன்மேல் அவனுக்கு உயிர். ஆப்கானிஸ்தான் இப்போது பெரிய நாடாகிவிட்டது, சேர்க்கக்கூடாது என்று கோகுலன் சொல்ல, அதற்குத்தான் அந்த இரண்டு கதிரையும் உடைந்ததாம். இவர்களுக்கு நடுவில் ஸ்கொட்லாந்து, நமீபியா, அயர்லாந்து என்று நான் கண்ணால் காணாத தேசங்கள். ஒவ்வொன்றுக்கும் நம் ஊரில் ஒரு கட்சி, ஒவ்வொரு கட்சிக்கும் என் வீட்டு வழி தெரிந்திருக்கிறது.

ஞாயிறு வரைக்கும் பொறுத்தேன். பிறகு றினாஸைக் கூப்பிட்டு, கடைசியில் ஆடுகிறவர்களுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். அவர்களை வால் என்பார்கள் மாமா, பந்து போடத்தான் தெரியும், துடுப்பாடத் தெரியாது, எப்போதும் கடைசியில்தான் இறங்குவார்கள் என்றான். வால் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், எனக்கு வழி வெளித்துவிட்டது. வாய்க்காலுக்கும் வால் இருக்கிறதே, தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற முனை. வட்டவிதானை என்ன செய்வான்? வால் வயலுக்கு முதல் தண்ணீர், மதகடி வயலுக்குக் கடைசித் தண்ணீர். இந்த முறையை வைத்துத்தான் என் காலத்தில் சாகாமத்தில் ஒரு தலைகூட உடையாமல் வெள்ளாமை செய்தார்கள். ஆகவே பிஸ்மில்லாஹ் சொல்லி, எப்போதும் கடைசியில் வருகிற பாவப்பட்டவர்களை முதலில் வைத்தேன். றினாசின் ஆப்கான் சுழல்காரன் முதலாவது. எப்போதும் முதலில் இறங்கி வயிறு நிறைய ஆடுகிறவர்களைக் கீழே தள்ளினேன். அந்த ஒமான்காரனைப் பதினோராவதாகப் போட்டேன்.

இன்னும் ஓர் ஆள் மிச்சம். பதினொரு பேருக்கு மேல் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள், என்னிடம் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். யாரை எடுக்கலாம் என்று பார்த்தால், ஒருவனுக்குப் பக்கத்தில் விக்கட் காப்பாளர் என்று எழுதியிருந்தது. காப்பாளர் என்றால் காவல்காரன்தானே? வயலுக்கு யானை, பன்றி வராமல் பார்க்க நாமும் காவல்காரன் வைப்போம், அவனை விவசாயிகள் கணக்கில் சேர்ப்பதில்லை, கூலிதான் கொடுப்போம். இவனும் அந்தத் தடிகளுக்குக் காவல், மைதானத்துக்காரன் சம்பளத்துக்கு வைத்திருக்கிற ஆள் என்று நினைத்து, கோகுலனுக்குச் சொன்ன ஓமையும் மறந்து, நேபாளத்துப் பொடியனை வெட்டிவிட்டேன். கோகுலனின் பாரை மீன் அப்போது என் வயிற்றில் முழுதாகச் சீரணித்தும் இருக்காது.

திங்கட்கிழமை அஸருக்குப் பிறகு பெனரை ஏற்றினார்கள். முதலில் ஒரு சத்தமும் இல்லை. அது பாராட்டு என்று நினைத்து நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன். பிறகு ஒருவன் சிரித்தான், மற்றவன் சிரித்தான், கடைசியில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வலையை விட்டுவிட்டு வந்து சிரித்தார்கள். துடுப்பு பிடிக்கத் தெரியாதவன் முதலில் இறங்குகிறான், விக்கட்டுக்குப் பின்னால் ஆளே இல்லை, இந்த டீம் முதல் ஓவருக்கே ஆஸ்பத்திரிக்குத்தான் போகும் என்கிறார்கள். றினாசுக்கு மட்டும் முகம் பூத்துவிட்டது. மாமா என் ஆளை முதலாவதாக வைத்திருக்கிறார் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் காட்டினான். சாய்ந்தமருதிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து படமெடுத்துக்கொண்டு போகிறார்கள் மச்சான். வெற்றிலைக் கடைக்காரன் என்னைக் கண்டால், வட்டவிதானையார் உங்கள் டீம் எப்படி என்று கேட்டு மீதிக்காசைத் தருகிறான்.

சிரிப்பை நான் தாங்குவேன். முகைதீன்பாவா சிரிக்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு பெனரை மேலிருந்து கீழே வாசித்தார். பதினோராவது பெயரை இன்னொரு தரம் வாசித்தார். பிறகு திரும்பி நடந்துபோனார். மறுநாள் பள்ளிவாசலில் கண்டு சலாம் சொன்னேன். பதிலுக்கு ‘வஅலைக்’ வரைக்கும்தான் வந்தது, மிச்சத்தை வாய்க்குள்ளேயே விழுங்கிவிட்டார். அரைச் சலாம். என் உம்மாவின் வயிற்றிலிருந்து வந்த நாள் தொட்டு எனக்கு யாரும் அரைச் சலாம் சொன்னதில்லை.

நேற்று ஆள் அனுப்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரோடு வருகிறாராம். அவ்வளவுதான் செய்தி. எதற்கென்று சொல்லவில்லை. சம்மந்தம் பேச நாலு பேர் வருவார்கள், சம்மந்தத்தை முறிக்கவும் நாலு பேர்தான் வருவார்கள். பேச்சுத்தான் முன்பே முடிந்துவிட்டதே, அப்படியென்றால் இனி வருவது எதற்கு? ஹாஜறா இரண்டு நாளாக என்னோடு கதைப்பதில்லை, கதைக்கும்போதெல்லாம் அந்த மாலைதீவையே எழுதியிருக்கலாமே என்கிறாள். கோகுலனிடம் இந்தக் கடிதத்துக்குச் சொல்லப் போனேன், காப்பாளரை வெட்டின காரணத்தையும் சொன்னேன். “கொண்டு போறன் காக்கா. காவக்காரன் வேலதானே, கூலியத் தந்தாச் சரி” என்றான். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ்மினாவை நினைத்தால்தான் என்னால் முடியவில்லை. இந்தச் சம்மந்தம் பேசிய நாளிலிருந்து அந்தப் பிள்ளை காரணமில்லாமல் சிரிக்கிறாள். மேல்மாடி ஜன்னலுக்குச் சீலை தைத்துக்கொண்டு சிரிக்கிறாள், கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். நேற்று அந்தச் செய்தி வந்த பிறகு என் பக்கத்தில் வந்திருந்து, “வாப்பா, நாலு பேர் எதுக்கு வாறாங்க?” என்று மட்டும் கேட்டாள். தெரியாது மகள் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன். அந்தச் சிரிப்பு என்னால் நின்றுபோனால் நான் எந்த முகத்தோடு அவளுக்கு வாப்பாவாக இருப்பேன்? மற்றப் பயமெல்லாம் சும்மா பயம், இதுதான் பயம்.

ஆகையால் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நாளைக்கு எப்படிப் போனாலும் சரி, இந்தக் கடிதம் கிடைத்த உடனே முகைதீன்பாவாவுக்கு ஒரு போன் கோல் எடு. அந்தப் பதினொரு பேரையும் கட்டாரிலிருந்து நான்தான் சொல்லிக் கொடுத்தேன், ஒமானைக் கடைசியில் போட்டது நான்தான், மச்சானுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடு. இரண்டு பேரைச் சமாதானமாக்கச் சொல்வது பொய்யில் சேராது என்று பள்ளிவாசல் பயானில் கேட்டிருக்கிறேன். உனக்கு அவர் என்ன செய்துவிடப் போகிறார்? நீ தூரத்தில் இருக்கிறாய். நான்தான் அடுத்த தெருவில் இருக்கிறேன்.

உன் பிள்ளைகளுக்கு என் முத்தம். வெயிலில் தொப்பி போடு, எந்த நாட்டுக் கொடியும் இல்லாத தொப்பியாகப் பார்த்துப் போடு. அல்லாஹ் உன் ரிஸ்கை விசாலமாக்கி, உன்னையும் என்னையும் எல்லாச் சம்மந்திகளின் கோபத்திலிருந்தும் காப்பானாக. ஆமீன்.

இப்படிக்கு,
துஆவை நாடும் உன் மச்சான்,
உதுமாலெவ்வை

பின்குறிப்பு: வெள்ளி, அஸர். இப்போதுதான் அவர்கள் எழும்பிப் போகிறார்கள். மேலே எழுதியதையெல்லாம் தண்ணீரோடு விட்டுவிடு. நாலு பெரியவர்களும் வந்தது முறிக்க இல்லை. நிக்காஹ் அன்றைக்கு எத்தனை சஹன் சோற்றுத் தட்டு வைப்பது, எந்தப் பக்கத்துச் சொந்தக்காரரை முதலில் சாப்பாட்டுக்கு இருத்துவது என்று கதைக்க வந்திருக்கிறார்கள். அந்த அரைச் சலாம்கூடக் கோபம் இல்லை மச்சான். செவ்வாய்க்கிழமை காலை அவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியிருக்கிறார்கள், வாயில் பஞ்சு வைத்திருந்தாராம்.

என்னால் பொறுக்க முடியவில்லை, நானே வாயைக் கொடுத்தேன். பெனரில் கடைசியில் வைத்ததற்கு மனசில் ஒன்றும் வைக்க வேண்டாம் சம்மந்தி என்றேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: “வாசிச்ச உடனே எனக்கு விளங்கிட்டு. இது நம்மட வாய்க்கால் முற. மதகடி வயல்காரன் நினைச்சா எந்த நேரமும் கதவத் திறந்து எடுக்கலாம். எடுக்கமாட்டான் எண்டு நம்பித்தான் வட்டவிதான அவனக் கடைசில வைக்கிறது. எத்தின சிறுபோகம் இவர் என்னக் கடைசில வச்சிருப்பார், ஒருக்காக்கூட என்ட வயலுக்குக் காவல் போட்டதில்ல. அந்த மனிசன்ட வீடு எண்டுதான் என்ட புள்ளையக் குடுக்க ஓம் எண்டன்.”

நான் அழுதுவிட்டேன் பஸால். வெட்கமில்லாமல் பெரியவர்கள் முன்னால் அழுதேன். உள்ளே கதவுக்குப் பின்னால் பஸ்மினா சிரிக்கிற சத்தம் கேட்டது. இத்தனை வருசம் நான் பயந்து பயந்து சலாம் சொன்ன மனிசன் என்னைப் பற்றி இப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த இடத்தில் அவர் கதையை நிறுத்தியிருந்தால் நான் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

அவர் நிறுத்தவில்லை. பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர், அப்படியானால் முதல் தண்ணீர் யாருக்கு என்று கேட்டார். “அது வால் வயல்காரனுக்கு. குடுக்காட்டி ராவைக்கு வந்து வரம்ப வெட்டிருவான் எண்ட பயத்தில குடுக்கிறது. முதலாவதா வைக்கிற ஆள வட்டவிதான கடைசி வரைக்கும் நம்பமாட்டார்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அப்போதுதான் வந்து வாசற்படியில் செருப்புக் கழற்றிக்கொண்டிருந்த றினாஸ் சிரிக்கவில்லை. “அப்ப மாமா, என்ட ஆள முதலாவதா வச்சது...” என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து, அப்படியே நிறுத்திவிட்டான். தேநீரும் குடிக்கவில்லை. போகும்போது ‘வஅலைக்’ மட்டும்தான் சொன்னான். அவனுக்கு ஒரு பல்லும் பிடுங்கவில்லை, நான் ஹாஜறாவை விட்டு விசாரித்துவிட்டேன்.

வாப்பா அடுத்த தெரு. மாப்பிள்ளை ஆயுள் முழுக்க என் மேல்மாடி. ஆகவே மச்சான், முகைதீன்பாவாவுக்கு எடுக்க வேண்டாம். றினாசுக்கு எடு.